பன்றிக்குட்டியின் உயிலும் பன்னிரண்டாம் வகுப்பும்



பின்வரிசையில் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, சிரிப்பை நிறுத்த வேண்டாம். நான் இன்று பேச வந்ததே அந்தச் சிரிப்பைப் பற்றித்தான்.

சுமார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ரோமப் பேரரசில் ஜெரோம் என்றொரு துறவி வாழ்ந்தார். பைபிளை லத்தீனில் பெயர்த்த பேரறிஞர். அவருக்கு ஒரு மனத்தாங்கல். பிளேட்டோவைப் படிக்க ஆளில்லை, ஆனால் பள்ளிக்கூடங்களில் பையன்கள் கும்பல் கும்பலாகச் சேர்ந்துகொண்டு ஒரு பன்றிக்குட்டியின் உயிலை ஒப்பித்து உருண்டு சிரிக்கிறார்களே என்று எழுதிவைத்திருக்கிறார். அந்த உயில் இன்றும் கிடைக்கிறது. சமையற்காரன் கத்தியோடு வருகிறான். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் பன்றிக்குட்டி ஒரு மணி நேரம் அவகாசம் கேட்கிறது. முறைப்படி உயில் சொல்கிறது. என் முடியைச் செருப்புத் தைப்பவர்களுக்குக் கொடுங்கள், காதைச் செவிடர்களுக்குக் கொடுங்கள், நாக்கை வக்கீல்களுக்குக் கொடுங்கள் என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைக்கிறது. கடைசியில், என்னைச் சமைக்கும்போது மிளகும் தேனும் குறையாமல் போடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறது. சாட்சிக் கையெழுத்து வரைக்கும் எல்லாம் உண்டு!

ஜெரோம் வருத்தப்பட்டார். நான் வருத்தப்படவில்லை. சட்டத்தின் மொழியை எடுத்து விளையாடத் தெரிந்த பிள்ளைகள் அந்த மொழியை நன்றாகக் கற்ற பிள்ளைகள்.

இதே விளையாட்டை 1456இல் பாரிஸ் நகரில் இருபத்தைந்து வயது பிரான்சுவா வியோன் ஆடினார். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர், அடிதடி வழக்குகளில் சிக்கியவர், பெரும் கவிஞர். ஊரை விட்டுப் போகிறேன் என்று சொல்லிக் கவிதையில் ஓர் உயில் எழுதினார். வெட்டிய தலைமுடியை முடிதிருத்துபவருக்கும், பழைய செருப்பைச் செருப்புத் தைப்பவருக்கும் எழுதிவைத்தார். கையில் காசில்லாத இளைஞன் ஊருக்கே சொத்துப் பிரித்துக் கொடுக்கிறான். பிரெஞ்சு இலக்கியத்தில் அந்தப் பிரிவு உயிலுக்கு இன்றும் தனி இடம் இருக்கிறது.

இப்போது அமெரிக்காவுக்கு வாருங்கள். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லூரிகளில் 'வகுப்பு நாள்' என்றொரு விழா நடந்துவந்தது. உயர்நிலைப் பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன. பள்ளியை முடித்துப் போகிற சீனியர் மாணவர்கள் பட்டமளிப்பை ஒட்டி மேடையேறுவார்கள். ஒருவர் வகுப்பின் வரலாற்றைச் சொல்வார், ஒருவர் கவிதை படிப்பார், ஒருவர் வகுப்பின் உயிலை வாசிப்பார், ஒருவர் வகுப்பின் எதிர்காலத்தை ஜோசியமாகச் சொல்வார். உயிலும் ஜோசியமும்தான் கூட்டத்தைப் பிடித்து வைக்கும். அப்படியே ஆண்டு மலரிலும் அச்சாகும். சின்ன ஊர்களில் உள்ளூர்ப் பத்திரிகையிலேயே முழுசாக வந்த காலமும் உண்டு.

உயில் எப்படி இருக்கும்? நம் ஊர்ப் பத்திர எழுத்தர் நடையில் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். "நல்ல நினைவுடனும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும், நாங்கள் மனமொப்பி எழுதிவைத்த உயில் சாசனம் யாதெனில்..." என்று மிடுக்காகத் தொடங்கும். அடுத்த வரியில் சொத்து விவரம் வரும். உதைத்தால் மட்டுமே திறக்கும் லாக்கர் ஒன்று. கணக்கு வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலை. கால்பந்துச் சட்டையின் எண். பள்ளி வாசலுக்கு அருகில் கார் நிறுத்தும் இடம். தாமதமாக வந்ததற்குச் சொல்ல இன்னும் யாரும் பயன்படுத்தாத மூன்று காரணங்கள். இவற்றையெல்லாம் பெயர் சொல்லி ஜூனியர்களுக்கு எழுதிவைப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம், எழுதுகிறவன் பக்கம் இல்லை, வாங்குகிறவன் பக்கம். கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான் ஒன்பதாம் வகுப்புப் பையன். இசைக்குழுவில் கடைசி வரிசையில் நின்று ஊதுகிறவன். தன்னை யாரும் கவனித்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன். திடீரென்று மேடையிலிருந்து அவன் பெயர் கேட்கிறது. போகிற அண்ணன் தன் இடத்தை அவனுக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறான். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த ஒரு நொடிக்கு எந்தப் பரிசளிப்பு விழாவும் ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம். முதல் மதிப்பெண்ணுக்குத்தான் பெயர் வாசிப்பார்கள் என்று பழகிப்போன நமக்கு, இப்படியும் ஒரு பெயர் வாசிப்பு உண்டு என்பது தெரிய வேண்டும்.

ஜோசியம் இன்னும் சுவை. இருபது ஆண்டுகள் கழித்து நான் ராக்கெட்டில் செவ்வாய்க்குப் போகிறேன், ஓட்டுநர் யார் என்று எட்டிப் பார்த்தால், தினமும் பள்ளிப் பேருந்தைக் கோட்டைவிட்ட நம் நண்பன்! என்கிற பாணியில் போகும். வேதியியல் ஆய்வகத்தில் குழாயை உடைத்தவள் பெரிய மருந்து நிறுவனத்தின் தலைவியாக வருவாள். வாயே திறக்காதவன் நாடாளுமன்றத்தில் முழங்குவான்.

இந்த ஜோசியங்களுக்கும், ஆண்டு மலரில் படங்களுக்குக் கீழே அச்சாகும் வாசகங்களுக்கும் இன்னொரு பக்கம் இருக்கிறது. 1947இல் கனெக்டிகட் மாநிலத்தில், பணக்கார வீட்டுப் பெண்கள் படிக்கும் மிஸ் போர்ட்டர்ஸ் பள்ளியில், ஒரு மாணவியின் படத்துக்குக் கீழே அவளுடைய லட்சியம் அச்சானது: இல்லத்தரசியாக ஆகாமல் இருப்பது. நல்ல இடத்தில் கல்யாணம் என்பதே எதிர்காலம் என்று பெண்களுக்கு எழுதிவைத்திருந்த காலம் அது. அந்த மாணவி ஜாக்குலின் பூவியே. பின்னாளில் அதிபர் கென்னடியின் மனைவியாக உலகமே பார்த்த ஜாக்குலின் கென்னடி. பதினெட்டு வயதுகூட நிறையாதபோது சொன்ன சொல், நாற்பத்தாறு வயதில் அவர் நியூயார்க்கில் வைக்கிங் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக வேலைக்குச் சேர்ந்தபோதுதான் பலித்தது என்று நான் சொல்வேன். கடைசிவரை அவர் பதிப்புப் பணியை விடவில்லை.

1959. மினசோட்டாவில் இரும்புச் சுரங்க ஊரான ஹிப்பிங். அங்கே பள்ளி முடித்த ராபர்ட் ஜிம்மர்மேன் என்ற பையனின் படத்துக்குக் கீழே, லிட்டில் ரிச்சர்டோடு போய்ச் சேர்வது என்று போட்டிருக்கிறது. லிட்டில் ரிச்சர்ட் ராக் அண்ட் ரோல் இசையில் கொடிகட்டிப் பறந்த கறுப்பினப் பாடகர். வெள்ளைக்கார யூதக் குடும்பத்துப் பையன், பனி கொட்டும் சுரங்க ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஆசைப்பட்டால் யார் சிரிக்க மாட்டார்கள்? அவன்தான் பாப் டிலன். 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குத்தான்.

இருவரும் புகழ்பெற்றவர்கள் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பக்கத்துப் படத்தில் இருந்தவர்களும் இப்படித்தான் எழுதினார்கள். கேலி என்ற போர்வைக்குள்தான் அந்த வயதில் உண்மையான ஆசையை வெளியே சொல்ல முடியும். நேராகச் சொன்னால் வீட்டில் "முதலில் பாஸ் ஆகு" என்பார்கள்.

பெரியவர்கள் போட்ட கணக்கு எப்படிப் போனது தெரியுமா? 1965 ஜனவரியில் 'டைம்' இதழ் அமெரிக்க இளைஞர்களைப் பற்றி முகப்புக் கட்டுரை எழுதியபோது லாஸ் ஏஞ்சலிஸின் பாலிசேட்ஸ் பள்ளி மாணவர்களைக் காட்டியது. வசதியான பிள்ளைகள், ஒளிமயமான எதிர்காலம். அவர்களில் இருவர், மைக்கேல் மெட்வெட், டேவிட் வாலச்சின்ஸ்கி, பத்தாண்டு கழித்துத் தங்கள் வகுப்புத் தோழர்களைத் தேடிப் போய்ப் பேசி 1976இல் ஒரு புத்தகமே போட்டார்கள். நடுவில் வியட்நாம் போர் வந்துவிட்டது. அந்த வாழ்க்கைகள் பத்திரிகை போட்ட கோட்டில் போகவில்லை.

பெரியோர்களே, இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்த 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் பேரில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீட்டை, கடையை, தோட்டத்தை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்கக் குடிமக்கள். கலிபோர்னியாவின் பாலைப் பள்ளத்தாக்கில் இருந்த மான்சனார் முகாமில் மட்டும் பத்தாயிரம் பேர் அடைபட்டிருந்தார்கள். சுற்றிலும் முள்வேலி, காவல் கோபுரம். அங்கே பலகைக் கொட்டகைகளில் ஓர் உயர்நிலைப் பள்ளி நடந்தது. தொடக்கத்தில் உட்கார நாற்காலிகூட இல்லை.

அந்தப் பள்ளி மாணவர்கள் 1944இல் ஆண்டு மலர் போட்டார்கள். பெயர், 'எங்கள் உலகம்'. படம் எடுத்தவர் டோயோ மியாட்டகே. லாஸ் ஏஞ்சலிஸில் பேர்பெற்ற புகைப்படக்காரர். முகாமுக்குள் கேமரா கொண்டுவரத் தடை இருந்ததால் லென்ஸை மட்டும் ஒளித்துக் கொண்டுவந்து, மரப்பெட்டியால் கேமரா செய்துகொண்டவர். அந்த மலரைப் புரட்டினால் மற்ற அமெரிக்கப் பள்ளி மலர்களில் இருப்பதெல்லாம் இருக்கும். சங்கங்கள், நாடகம், விளையாட்டு, தலைவாரிப் பொட்டு வைத்ததுபோல் அழகாகச் சீவிச் சிங்காரித்த முகங்கள், சிரிப்பு. அரசாங்கமே நாளை என்ன என்று சொல்லாத இடத்தில், பதினேழு வயதுப் பிள்ளைகள் எங்களுக்கும் ஒரு நாளை உண்டு என்று அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். இதைவிடத் துணிச்சலான பிரிவுரையை நான் அறியேன்.

உயிலும் ஜோசியமும் வாசிக்கும் இந்த வழக்கத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உயில் என்ற பெயரில் பழைய பகையைத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவரின் உடலை, நிறத்தை, தனிப்பட்ட விஷயத்தைக் கேலியாக்கி அழவைத்தவர்கள் இருக்கிறார்கள். அதனாலேயே சில பள்ளிகள் வழக்கத்தை நிறுத்தின. நிறுத்தியது தவறு என்பது என் கருத்து. எது சிரிப்பு, எது குத்தல் என்று கற்றுக்கொடுக்கும் இடம் பள்ளி இல்லையென்றால் வேறு எது?

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? இன்னும் சில வாரங்களில் பிரிவு உபசார விழா. தலைவர் பேசுவார், சிறப்பு விருந்தினர் பேசுவார், அறிவுரை மழை பொழியும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். பிறகு குரூப் போட்டோ, பப்ஸ், கூல்டிரிங்ஸ். அவர்கள் மனத்தில் இருப்பதெல்லாம் ஆட்டோகிராஃப் நோட்டுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அவர்களுடைய எதிர்காலத்தைக் கட்-ஆஃப் மதிப்பெண்ணும், நீட் தேர்வும், பக்கத்து வீட்டு மாமாவும் முடிவு செய்துகொண்டிருப்பார்கள். தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே கற்பனை செய்து சொல்லும் வாய்ப்பு பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் ஒருநாள்கூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை. இது அநியாயம்.

ஆகவே தலைமையாசிரியர்களை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு சிறப்பு விருந்தினருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், போதும். மீதி ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் உயில் எழுதட்டும், ஜோசியம் சொல்லட்டும். தமிழாசிரியர் ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து படித்து, சாதியையும் நிறத்தையும் உடலையும் தொடும் வரிகளை நீக்கச் சொல்லட்டும். உங்களைப் பற்றிய கேலி வந்தால் முதல் ஆளாக நீங்கள் சிரியுங்கள். வகுப்பில் ஒருவர் பெயர்கூட விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அந்த மேடையில் சொல்வதை, வீட்டுக்கு வந்து மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னால், ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். தம்பி தங்கைகளே, நீங்கள் இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.