கோல் பிடிப்போரும் அதனை மதிப்பிடுவோரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இசையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நம் இசையைப் பற்றிப் பேச என்னினும் வல்லார் பலர் இவ்வவையில் இருக்கின்றனர். ஆகவே மேனாட்டு இசையினின்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். பல்லிய நடத்துநர்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டிகளில் நடுவராக அமர்வோர் யாவர்? அவர்தம் தொழில் யாது? அத்தொழில் அவர்தம் தீர்ப்பை எவ்வாறு உருவாக்குகிறது? இவையே என் வினாக்கள்.

'கண்டக்டர்' என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவர் பேருந்தில் சீட்டுக் கொடுப்பவரே. யான் குறிப்பிடுவது அவரை அன்று. எழுபது எண்பது கலைஞர்கள் ஒருங்கே அமர்ந்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னே, சிறு கோலொன்றை ஏந்தி நிற்பவரையே குறிப்பிடுகிறேன். பல்லியம் என்ற பழந்தமிழ்ச் சொல் அக்குழுவுக்குப் பொருத்தமாக அமையும். அவர் கையில் வாத்தியம் இல்லை. அவர் ஒரு நாதமும் எழுப்புவதில்லை. பாடுபவரைக் குரலால் அளக்கலாம். வீணை வாசிப்பவரை விரலால் அளக்கலாம். ஒலியே எழுப்பாத ஒருவரை எதனால் அளப்பது? இங்கேதான் நடுவரின் தொழில் பெரிதும் முன்னிற்கிறது. அவரவர் தம் வாழ்நாளில் எதைக் கேட்டுப் பழகினரோ, அதனையே மேடையிலும் தேடுவர்.

போட்டி நடைபெறும் முறையைச் சுருங்கக் கூறுவேன். போட்டியாளர் ஒருவர்க்குக் குறித்த சிறு நேரம் அளிக்கப்படும். அதற்குள் முன்பின் அறியாத குழுவோடு ஒரு படைப்பைப் பயிற்சி செய்து, அதனை வாசிக்கச் செய்தல் வேண்டும். பிரான்சு நாட்டுப் பெசான்சோன் நகரில் 1951-இல் தொடங்கிய போட்டி இவ்வகையில் புகழ் பெற்றது. வாத்தியக்காரர்கள் வேண்டுமென்றே தவறான சுரங்களை வாசிக்க, அவற்றைப் போட்டியாளர் கண்டு சொல்லும் சோதனையும் அங்கு இருந்தது.

இனி நடுவர்களைப் பார்ப்போம். முதல் வகையினர் நடத்துநர்களே. 1959-இல் செய்ஜி ஒசாவா என்னும் ஜப்பானிய இளைஞர், சரக்குக் கப்பலில் ஒரு ஸ்கூட்டரோடு ஐரோப்பா சென்று, பெசான்சோன் போட்டியில் முதற்பரிசு பெற்றார். நடுவருள் ஒருவர் சார்ல்ஸ் மூன்ஷ். அவர் அப்போது அமெரிக்காவின் பாஸ்டன் பல்லியத்தின் தலைவர். அதற்கு முன்னரோ, ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக் கெவாண்ட்ஹவுஸ் குழுவில் முதல் வயலின் கலைஞராக அமர்ந்து, பிறர் கோலுக்குக் கட்டுப்பட்டு வாசித்தவர். கோலின் இருபுறமும் அறிந்த அவர், ஒசாவாவை அமெரிக்காவின் டாங்கிள்வுட் இசைப் பயிலகத்திற்கு அழைத்தார். அவ்வழைப்பின் பயன் யாது? 1973 முதல் 2002 வரை, இருபத்தொன்பது ஆண்டுகள், மூன்ஷ் அமர்ந்த அதே பாஸ்டன் பீடத்தில் ஒசாவா அமர்ந்தார்.

இன்னொரு சான்று. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் 2004-இல் மாலர் பெயரால் ஒரு போட்டி தொடங்கியது. வென்றவர் வெனிசுலா நாட்டுக் குஸ்தாவோ துடமேல். வயது இருபத்து மூன்று. நடுவருள் ஒருவரான எசா-பெக்கா சலோனென், கொம்பு வாத்தியம் பயின்றவர், இசையமைப்பாளர், அந்நாளில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்லியத்தின் தலைவர். அவரே 1983-இல் இலண்டனில், வரவியலாத ஒருவர்க்கு மாற்றாக வந்து, மாலரின் மூன்றாம் சிம்பொனியை நடத்திப் புகழ் பெற்றவர். இளைஞர் ஒருவர்மீது துணிந்து நம்பிக்கை வைத்தால் என்ன விளையும் என்பதை அவர் வாழ்க்கையே அவர்க்குக் கற்பித்திருந்தது. துடமேலைப் பற்றி அவர் தம் குழுவுக்குக் கூறினார். 2009-இல் சலோனென் விட்ட பொறுப்பைத் துடமேல் ஏற்றார். அதே பொறுப்பை 1962 முதல் 1978 வரை வகித்தவர் நம் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா என்பதை இங்கே நினைத்தல் தகும். அவரும் 1958-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் போட்டியில் வென்றவரே. அப்பரிசு அவர்க்கு அந்நகர்க் குழுவில் ஓராண்டு உதவி நடத்துநர் பதவியைத் தந்தது.

இரண்டாம் வகையினர் குழுவில் வாசிக்கும் கலைஞர்கள். இவர்களைச் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. அரங்கில் அமரும் நடுவர்க்கு வழக்கமாகத் தெரிவது போட்டியாளரின் முதுகே. முகமும் கண்ணும் தெரிவது வாத்தியக்காரர்க்கே. கோல் தெளிவாக இறங்கியதா, குழுவே பழக்கத்தால் இழுத்துச் சென்றதா என்பதை அவர்களினும் நன்கு அறிவார் யார்? இக்காரணம் பற்றியே சில போட்டிகளில் குழுவினர் தாமே ஒரு தனிப்பரிசு வழங்குகின்றனர்.

மூன்றாம் வகையினர் இசையமைப்பாளர்கள். ஏட்டில் உள்ளது ஒலியில் வந்ததா என்பதே இவர்கள் கேள்வி. நான்காம் வகையினர் ஆசிரியர்கள். வியன்னாவில் சுபின் மேத்தாவுக்கும் கிளாடியோ அப்பாடோவுக்கும் கற்பித்த ஹான்ஸ் சுவரோவ்ஸ்கி போன்ற ஒருவர்க்குக் கையசைவின் ஒவ்வொரு பிழையும் கண்ணில் படும். ஆயின் ஆசிரியர் நடுவராகும்போது ஓர் இடர் உண்டு. தம் மாணாக்கரே எதிரில் நின்றால் என் செய்வது? அத்தகையோர்க்கு அந்நடுவர் வாக்களித்தல் கூடாது எனப் பல போட்டிகள் விதி வகுத்துள்ளன. நல்ல விதி. நேர்மையுடையார்க்கும் விதி ஒரு துணையே.

ஐந்தாம் வகையினர் பல்லிய நிருவாகிகளும், கலைஞர்க்கு நிகழ்ச்சி ஏற்பாடு செய்து தரும் முகவர்களும். இவர்களுள் வாத்தியத்தைத் தொட்டறியாதாரும் உண்டு. ஆயின் வென்றவரை மறுநாள் மேடையேற்ற வல்லவர் இவர்களே. 1963-இல் நியூயார்க்கில் நடந்த மித்ரோபூலஸ் போட்டியில் வென்ற மூவருள் அப்பாடோவும் ஒருவர். லெனர்ட் பெர்ன்ஸ்டைனுக்கு உதவியாளராகப் பணியாற்றும் வாய்ப்பே அவர் பெற்ற உண்மையான பரிசு. பதக்கம் பெட்டியில் உறங்கும். பதவியோ கலைஞனை வளர்க்கும். எனினும் நிருவாகியின் கண் ஒரு வகையில் வணிகக் கண். 'இவர் பெயருக்குச் சீட்டு விற்குமா?' என்று அது கேட்கும். அக்கேள்வி ஒன்றே தீர்ப்பாகிவிட்டால் கலை நலியும்.

தொழில் ஒன்றாகவே இருப்பினும், நடுவர் அனைவரும் ஒரே இனத்தாராக இருந்தால் அதுவும் ஒரு குறையே. பிரெஞ்சு நாட்டு நடத்துநரான கிளேர் ழிபோ அம்மையார், 2018-இல் மெக்சிகோவில் நடந்த ஒரு போட்டியில் ஆடவர் நடுவே தாம் ஒருவரே பெண் நடுவராக அமர்ந்தார். பெண் போட்டியாளரை அங்குச் சிலர் நோக்கிய நோக்கு அவரை வருத்தியது. அவர் வருந்தியதோடு நில்லாமல், பாரிசு பில்ஹார்மனியோடு இணைந்து, 2020-இல் பெண் நடத்துநர்க்கென்றே 'லா மாயிஸ்த்ரா' என்னும் போட்டியைத் தொடங்கினார். நடுவர் இருக்கையில் யார் அமர்கிறார் என்பது எத்துணைப் பெரிய செய்தி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இவற்றால் பெறப்படுவது யாது? எந்தத் தொழிலும் தனித்து முழுமையான நடுநிலை தராது. நடத்துநர் கையைக் காண்பார். கலைஞர் கண்ணைக் காண்பார். இசையமைப்பாளர் ஏட்டைக் காண்பார். ஆசிரியர் பயிற்சியைக் காண்பார். நிருவாகி நாளையைக் காண்பார். ஐவரும் ஒருங்கே அமர்ந்து, ஒருவர் காணாததை மற்றவர் கூறும்போதே தீர்ப்பு நிறைவடைகிறது.

அன்பர்களே, 'நமக்கும் இதற்கும் என்ன?' என்ற வினாவுக்கு இனி விடை கூறுவேன். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மனோர் சங்கங்களில் ஆண்டுதோறும் சிறுவர்க்கு இசைப் போட்டிகள் நடக்கின்றன. குடிபெயர்ந்த ஊரில் நம் குழந்தை தமிழிலே ஒரு பாட்டைக் கற்று மேடையேறுவது எளிய செயலன்று. அக்குழந்தையின் முன்னே நாம் யாரை அமர்த்துகிறோம்? பெரும்பதவி வகிப்பவரையும் பொருளுதவியவரையும் மாலையிட்டுச் சிறப்பிப்போம். அது நம் கடமை. ஆயின் மதிப்பெண் ஏட்டை அவர் கையில் கொடுத்தல் வேண்டா. ஒரு பாடகர், ஒரு வயலின் கலைஞர், ஒரு மிருதங்க வித்துவான், ஓர் இசையாசிரியை, பாட்டின் சொல்லையும் பொருளையும் உணர்ந்த ஒரு தமிழாசிரியர் என ஐவரை அமர்த்துவோம். பக்கவாத்தியக்காரரை மறவாதீர்கள், குழந்தை தாளத்தில் நின்றதா, தாளம் குழந்தையைத் தாங்கியதா என்பதை அவரே அறிவார். தம் மாணவர் பாடும்போது ஆசிரியர் ஏட்டை மூடிவைக்கட்டும்.

தகுதியில்லாத தீர்ப்பால் பரிசு இழந்த குழந்தை, அடுத்த ஆண்டு மேடைக்கு வாராது. தகுதியுடையோர் தீர்ப்பில் தோற்ற குழந்தையோ, தோற்ற காரணத்தை அறிந்து, மறு ஆண்டு முன்னினும் நன்றாகப் பாடும். இந்த வேறுபாட்டை நம் சங்கம் நெஞ்சில் இருத்துமாயின், என் உரை பயன் பெற்றதாகும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!