கோதுமையை நிறுத்துவதற்கு முன்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்களுக்குப் பாலாறு தெரிந்திருக்கும். தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்குகிற இடம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காலங்காலமாக ராகிக் களிதான் சாப்பாடு. கோதுமை என்றால் காய்ச்சல்காரருக்கு வாங்கிவரும் ரொட்டி, அவ்வளவுதான். இன்றைக்கு அப்படியில்லை. காலையில் ரவை உப்புமா, கடைத்தெருவில் பரோட்டா, சர்க்கரைக்காரருக்கு ராத்திரி சப்பாத்தி.

கூடவே ஒரு சந்தேகமும் வந்திருக்கிறது. "தீராத வயிற்றுக் கோளாறு. கைப்பேசியில் பார்த்தேன், சீலியாக் நோயாக இருக்குமோ?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பலர் கேட்ட கையோடு கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் நோய் உள்ளவர் அதைச் சாப்பிட்டால், அவருடைய நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்குகிறது. உணவிலுள்ள சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. இரும்புச்சத்து உள்ளே போவது பெரும்பாலும் சிறுகுடலின் முதல் பகுதி வழியாக. நோய் அதிகம் தாக்குவதும் அதே இடத்தைத்தான். அதனால் வயிற்றுப்போக்கே இல்லாமல், எவ்வளவு மாத்திரை போட்டாலும் ஏறாத ரத்தசோகையாகவும் இது வெளிப்படலாம். எடை குறைவது, வயிறு உப்புவது, அடிக்கடி வாய்ப்புண், குழந்தை உயரமாக வளராமல் நிற்பது, இவையும் அறிகுறிகள்.

கோதுமைதான் காரணம் என்று தெரியவந்தது இப்படித்தான். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஹாலந்தில் கடும் பஞ்சம். ரொட்டிக்கே வழியில்லை. அப்போது இந்த நோய்க் குழந்தைகள் தேறியதைக் கண்டார் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். கோதுமை மேல் அவருக்கு முன்பே சந்தேகம் உண்டு. 1950இல் தம் ஆய்வேட்டில் அதை நிறுவிக் காட்டினார்.

நம் பக்கம் எப்படி? வேலூர் சி.எம்.சி.யில் நெடுநாள் பணியாற்றிய மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் மற்றவர்களும் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். வடக்கே ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு இந்த நோய். தெற்கே பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்களோ வடக்கே 38 சதவீதம் பேரிடமும், தெற்கே 36 சதவீதம் பேரிடமும் இருந்தன. ஆனால் ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் கோதுமை வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். நம் தட்டில் கோதுமை கூடக்கூட இந்த நோயும் கூடுமோ என்று மருத்துவர்கள் யோசிப்பது இதனால்தான்.

இப்போதைக்கு இது நம்மிடம் அபூர்வம். வயிற்றுக் கோளாறுக்குப் பால் ஒத்துக்கொள்ளாதது, ஜியார்டியா கிருமி, குடல் காசநோய் என்று வேறு காரணங்களும் உண்டு. சோகைக்குக் கொக்கிப்புழு காரணமாகலாம். மாத்திரை போட்டதும் டீ குடிக்கிற பழக்கம்கூட இரும்புச்சத்தை ஏறவிடாது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று ஒன்று இருக்கிறது; வேலூர் மருத்துவர்கள் 1960களில் கிராமம் கிராமமாக ஆராய்ந்த நோய். அதிலும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துதான் தெரியும். ஆனால் அது ஆன்டிபயாட்டிக்கிலும் ஃபோலிக் அமிலத்திலும் குணமாகிவிடும். ஊகத்தில் கோதுமையை மட்டும் விட்டவருக்கு அந்த மருந்து கிடைக்காமலே போகும்.

அதனால் முதலில் பரிசோதனை. டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவு. சந்தேகம் உறுதிப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலிலிருந்து துளிச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இவை நோயைச் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டால் குடல் ஆற ஆரம்பிக்கும், ரத்தத்தில் தடயம் குறையும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். சில வாரம் மறுபடி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

உறுதியாகிவிட்டால் பத்தியம் ஆயுளுக்கும். பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், மால்ட் பானம் எல்லாம் கூடாது. பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ப்பார்கள். ஆனால் அரிசி, ராகி, கம்பு, சோளம், சாமை, தினை எதற்கும் தடையில்லை. கோதுமை அரைத்த மெஷினில் ராகியை அரைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்தப் பத்தியம் யாருக்கு வேண்டும் என்பதைப் பரிசோதனை சொல்லட்டும். முடிவு கைக்கு வரும்வரை ராத்திரிச் சப்பாத்தி இருந்துவிட்டுப் போகட்டும்.