நம்ம ஃபோனே நம்ம சர்வர்: ஆவணங்களைப் பாதுகாப்பா மாற்ற ஒரு எளிய வழி

வருமானச் சான்று, இருப்பிடச் சான்றுன்னு ஆன்லைன்ல விண்ணப்பிக்கிற பலருக்கும் ஒரு வேலை வரும். ஃபோன்ல ஸ்கேன் பண்ணி வெச்ச ஆவணத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போகணும். பல பேர் என்ன செய்றோம்? பக்கத்துல இருக்கிற கடை நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுறோம். வேலை முடிஞ்சிடுது. ஆனா நம்ம ஆதார் நகல் அந்தக் கம்ப்யூட்டர்லயே தங்கிடலாம். அதை அழிச்சாங்களா இல்லையான்னு நமக்குத் தெரியாது.

வீட்டுல லேப்டாப் இருந்தா, நடுவுல யாருமே இல்லாம ஃபைலை மாற்றலாம். யூ.எஸ்.பி. கேபிள் கையில இருந்தா அதுவே போதும். இல்லாதப்போ, உங்க ஆண்ட்ராய்டு ஃபோனையே ஃபைல் சர்வரா மாத்திக்கலாம். சர்வர்னா பெரிய அறை, பெரிய மெஷின்னு நினைக்க வேண்டாம். கேட்கிறவங்களுக்கு ஃபைலை எடுத்துக் கொடுக்கிற ஒரு புரோகிராம், அவ்வளவுதான்.

ஃபைல் மாற்றத்துக்கு ஆரம்ப காலத்துல வந்த முறைகள்ல ஒண்ணு எஃப்.டி.பி. ஐ.ஐ.டி. கான்பூர்ல படிச்ச அபய் பூஷண், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரலில் இதன் முதல் வரைவை எழுதினார். இதுல ஒரு குறை உண்டு: பாஸ்வேர்டு மறைக்கப்படாம அப்படியே போகும். நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்கிறவர் அதைப் படிச்சிடலாம். 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டு திருட்டு நடந்தது. அதன் பிறகு தாத்து யூலோனன் உருவாக்கியதுதான் எஸ்.எஸ்.எச். அதன் மேல ஓடுற எஸ்.எஃப்.டி.பி.யில் எல்லாமே குறியாக்கம் ஆகித்தான் போகும். நாம பயன்படுத்தப் போறது இதைத்தான்.

இப்போ செய்முறைக்கு வருவோம். கட்டளைகளை உச்சரிப்பா சொல்றேன். நீங்க ஆங்கிலச் சிறிய எழுத்துல அடிங்க. பெரிய எழுத்து வேணும்னா அங்கேயே சொல்லிடுறேன்.

ஒன்று: எஃப்-டிராய்டு தளத்திலிருந்து டெர்மக்ஸ் செயலியை நிறுவுங்க. திறந்ததும் ஒரு கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், அதுதான் கட்டளை வரி.

இரண்டு: பி, கே, ஜி, இடைவெளி, இன்ஸ்டால், இடைவெளி, ஓப்பன்எஸ்எஸ்எச். என்டர் தட்டுங்க. சர்வர் புரோகிராம் இறங்கிடும்.

மூன்று: டெர்மக்ஸ் ஹைஃபன் செட்டப் ஹைஃபன் ஸ்டோரேஜ். ஃபோன் அனுமதி கேட்கும், கொடுங்க. இது இல்லாம உங்க டவுன்லோட்ஸ் ஃபோல்டர் சர்வருக்குத் தெரியாது.

நான்கு: பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி. புது பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும். அடிக்கும்போது திரையில எதுவும் தெரியாது, அது பழுதில்லை. பிறந்த தேதி, ஃபோன் நம்பர் வைக்காதீங்க.

ஐந்து: ஹூஅமை, அதாவது 'நான் யார்' என்ற கேள்வியை இடைவெளி இல்லாம. வர்ற பயனர் பெயரைக் குறிச்சு வைங்க. வைஃபை செட்டிங்ஸ்ல ஃபோனின் ஐ.பி. முகவரியையும் பாருங்க.

ஆறு: எஸ், எஸ், எச், டி. அவ்வளவுதான், சர்வர் ஓட ஆரம்பிச்சாச்சு. டெர்மக்ஸ்ல இது 8022-ங்கிற போர்ட்டில் காத்திருக்கும்.

அடுத்து லேப்டாப். அதே வைஃபையில் இணைங்க. விண்டோஸ் 10 அல்லது 11-ல் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து எஸ்எஃப்டிபி, இடைவெளி, ஹைஃபனை ஒட்டிப் பெரிய எழுத்து பி, இடைவெளி, 8022, இடைவெளி, பயனர் பெயர், அட் குறி, ஐ.பி. முகவரி மூன்றும் சேர்த்து. முதல் தடவை 'நம்பலாமா' என்று கேட்கும். எஸ் என்று முழுச் சொல்லா அடிங்க. பாஸ்வேர்டு கொடுத்ததும் உள்ளே போயிடுவீங்க. சிடி, இடைவெளி, ஸ்டோரேஜ், சாய்கோடு, டவுன்லோட்ஸ். பிறகு கெட், இடைவெளி, ஃபைல் பெயர். ஃபைல் லேப்டாப்புக்கு வந்துடும். லேப்டாப்ல இருந்து ஃபோனுக்கு அனுப்பணும்னா கெட்டுக்குப் பதில் புட். முடிஞ்சதும் பை.

சர்வரின் நடத்தையை மாத்த ஒரு அமைப்பு ஃபைல் இருக்கு, பெயர் எஸ்எஸ்எச்டி அண்டர்ஸ்கோர் கான்ஃபிக். அதுல போர்ட் எண்ணை மாத்தலாம். ஒரு இணைப்பில் எத்தனை முறை தவறான பாஸ்வேர்டு முயற்சிக்கலாம்னு வரம்பும் வைக்கலாம். சப்சிஸ்டம் என்று தொடங்கும் வரியை மட்டும் அழிச்சிடாதீங்க, எஸ்.எஃப்.டி.பி. ஓடுறதே அதனாலதான். மாத்தினதும் சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினாத்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

மூன்று விஷயம் மறக்காதீங்க. ரயில் நிலையம், ஓட்டல் மாதிரி பொது வைஃபையில் இதை ஓட்டாதீங்க. அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல உங்க பாஸ்வேர்டை அடிக்காதீங்க. வேலை முடிஞ்சதும் டெர்மக்ஸ்ல பிகில், இடைவெளி, எஸ்எஸ்எச்டி என்று அடிச்சு சர்வரை நிறுத்திடுங்க. கதவைத் திறந்தது நாமதான், மூட வேண்டியதும் நாமதான்.

முதல் தடவை பத்து, பதினைந்து நிமிஷம் ஆகலாம். அடுத்த தடவை ஃபோன்ல சர்வரைத் தொடங்க ஒரே ஒரு கட்டளைதான். இன்னைக்கே ஒரு சாதாரணப் படத்தை அனுப்பிப் பழகிக்கோங்க. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிற நாளில் அவசரம் இருக்காது.