ஓஷின் சொன்ன கதை



"ரீவி நாடகம் பார்த்து அழுகின்ற பெண்களைப் பற்றி இலக்கிய நிகழ்ச்சியில் என்ன பேச்சு?" என்று அக்குறணைக் கடைவீதியில் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் வீட்டிலும் தொடர் முடிந்த பின்னர்தான் இராச் சாப்பாடு என்பதை நான் அறிவேன்!

கதையை முடிக்காமல் நிறுத்தி நிறுத்தியே உயிர் காத்த ஷஹர்ஸாதை இலக்கியமென்று ஏற்றுக்கொண்டவர்கள் நாம். 'நாளை தொடரும்' என்ற உத்தி அவளுடையதுதான். ஆனால் அவள் கதையைத் தானே நடத்தினாள். நமது தொடர்களின் நாயகிகளுக்கு அந்த உரிமை இருக்கிறதா?

ஜப்பானின் உதவியோடு 1982இல் ஆரம்பமான ரூபவாஹினி, அந்நாட்டின் 'ஓஷின்' தொடரை நமக்குக் காட்டியது. எழுதியவர் சுகாகோ ஹஷிதா என்ற பெண்மணி. 1983-84இல் ஜப்பானில் 297 அங்கங்களாக, தினம் 15 நிமிடம் ஒளிபரப்பானது. ஒரு மூடை அரிசிக்காக ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்படும் சிறுமியைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தொடர் ஆரம்பிப்பதோ 83 வயதுக் கிழவியோடு. குடும்பத்தின் பதினேழாவது கடை திறக்கப்படும் நாளில் அவள் யாருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். தேடிவந்த பேரனுக்குத் தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். எங்கே பிழை விட்டேன் என்பதே அவளுடைய கேள்வி. வெற்றி பெற்றவள் தன்னையே விசாரிக்கிறாள், அதுதான் கதை. அரிசி வியாபாரி வீட்டில் கணக்குக் கற்றதும், கடை வைத்ததும், இழந்ததும், மறுபடி எழுந்ததும் அந்த விசாரணைக்குள் வருகின்றன. அழுகை இல்லாமலில்லை. ஆனால் அழுத கையோடு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் ஓடிய 'கோலங்கள்' அபியும் தொழில் நடத்தியவள்தான். தேவயானி நடித்த அந்தப் பாத்திரம், கட்டட நிர்மாணத்தில் ஒரு பெண்ணை நிறுத்தியது சிறிய காரியமல்ல. எனினும், 1500 அங்கங்களைத் தாண்டிய அத்தொடரில் கதையை நகர்த்தியது பெரும்பாலும் ஆதியின் சூழ்ச்சியே. அவன் செய்வான், அபி தாங்குவாள். தாங்குவதையே வீரமென்று காட்டிப் பழக்கிவிட்டார்கள்.

அக்குறணை வியாபாரிகளின் ஊர். ஆண்கள் தூரத்து நகரங்களில் கடை வைத்திருக்க, இங்கே கடன் கொடுத்தும் வாங்கியும், காணி பார்த்தும், பிள்ளைகளுக்குக் கலியாணம் முடித்தும் வீட்டை நடத்திய உம்மும்மாமார் எத்தனை பேர்! அவர்களில் ஒருத்தியின் பக்கத்தில் அமர்ந்து, "நீங்கள் எங்கே பிழை விட்டீர்கள்?" என்று கேட்ட பேரனின் கதையை நான் இன்னும் தமிழ்த் தொடர் எதிலும் காணவில்லை.