இளைஞர் கவனமும் இணையமும்



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இன்று அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்றுண்டு. "பிள்ளை புத்தகத்தைத் திறக்கிறான்; பத்து நிமிடத்தில் கை செல்பேசிக்குப் போய்விடுகிறது" என்பதே அது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் வீழ்ந்த பின், இக்கவலை எளிய இல்லங்களிலும் குடிபுகுந்துவிட்டது.

இரயில்வேயில் எழுத்துப் பணி புரியும் நாம், நமக்குத் தெரிந்த உவமையையே சொல்வோம். ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கிடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம். கவனமும் அத்தகையதே. செல்பேசி மணியொலித்தால் கணக்குப் பாடம் நின்று வழிவிடுகிறது. நின்ற வண்டி மீண்டும் வேகம் பிடிக்க நேரமாகும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்து மாணவர் 2,587 பேரை ஈராண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. திரைச் சாதனங்களைப் பலவகையிலும் மிகுதியாகக் கையாண்டோரிடம் கவனக்குறைவின் அறிகுறிகள் சற்றுக் கூடுதலாகத் தோன்றின. ஆயினும், இணையமே காரணம் என்று அவ்வாய்வு அறுதியிடவில்லை. இயல்பிலேயே மனம் சிதறும் பிள்ளை, நொடிக்கொரு புதுமை காட்டும் திரையைத் தேடிச் செல்வதும் உண்டு. இரவுத் துயில் கெட்டாலும் கவனம் கெடும். ஆதலின், காரணம் அறியாது ஏசுவதும் அடிப்பதும் முறையன்று. பழக்கம் எல்லை மீறினால் மருத்துவ உதவி நாடலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கெனவே 2014இல் ஒரு சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பெற்றது.

இணையத்தைப் பகையென்று ஒதுக்கவும் வேண்டா. எர்ணாகுளம் நிலையத்தில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், நிலையத்து இலவச வைஃபை கொண்டு பாடம் பயின்று, 2018இல் கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். கருவி ஒன்றே, அதைக் கையாளும் நோக்கமே வேறு.

அன்பர்களே! நம் பிள்ளைகளிற் பலர் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் எழுத்தை வீட்டில்தான் கற்க வேண்டும். அதற்கென்று கிடைக்கும் மாலை அரைமணி நேரத்தையும் திரை கொண்டுபோனால், அவர்கள் தமிழ் பேசுவர், படிக்க மாட்டார்கள். அந்த அரைமணி நேரம் வீட்டிலுள்ள செல்பேசிகள் அனைத்தும் வேறு அறையில் இருக்கட்டும். முதலில் வைக்க வேண்டியது தந்தையின் செல்பேசி. பெரியவர் கையில் திரை ஒளிர்ந்துகொண்டிருக்க, சிறுவனுக்குச் சொல்லும் புத்திமதி செவியேறாது.

இவ்வாண்டு விழாவிலிருந்தே இதனைத் தொடங்குவோமாக!