நிக்கோடீமஸுக்குத் திரும்புகிறவர்கள்

அமெரிக்காவில், கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கே, சாலமன் ஆற்றின் தென்கிளையை ஒட்டி நிக்கோடீமஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கே குடியிருப்பவர்கள் மிகச் சிலர். ஜூலை மாதத்தின் கடைசி வார இறுதியில் மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள் பல மாநிலங்களிலிருந்து வந்து சேருகிறார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வெளியூர்ப் பங்காளிகள் எல்லாம் பூர்வீகக் கிராமத்தில் கூடுவது போன்ற கூட்டம் அது. ஆனால் அவர்கள் வந்து பார்ப்பதற்குத் தூணும் முற்றமுமாகப் பெரிய பூர்வீக வீடு எதுவும் இல்லை. முதலில் வந்தவர்கள் மண்ணைக் குடைந்து வாழ்ந்தார்கள். அந்தக் குடியிருப்புகள் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டன.

அந்த முன்னோர் கென்டக்கி மாநிலத்தின் பண்ணைகளில் அடிமைகளாக இருந்தவர்கள். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதே ஆண்டில் அடிமைமுறையும் சட்டப்படி ஒழிந்தது. விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் பழைய எஜமானர்களின் மண்ணிலேயே கூலிக்கும் வாரத்துக்கும் உழைத்தார்கள். வெள்ளை வெறியர்களின் வன்முறை ஊருக்கு ஊர் நடந்தது. தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குக் காவலாக நின்ற கூட்டரசுப் படையும் 1877இல் பின்வாங்கிக்கொண்டது. ஒதுங்கி வாழ ஓர் இடம் வேண்டும், அந்த இடம் தமக்கே சொந்தமாகவும் வேண்டும் என்று அந்த மக்கள் எண்ணியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதற்கு வழி வைத்திருந்தது ஒரு சட்டம். ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட குடியிருப்பு நிலச் சட்டத்தின்படி, குடும்பத் தலைவரோ 21 வயது நிரம்பியவரோ 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு மனுக் கொடுக்கலாம். சிறு கட்டணம் செலுத்தி, ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டிப் பயிர் செய்து காட்டினால் பட்டா வந்துவிடும். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும்கூட மனுச் செய்ய முடிந்தது. 1868இல் நிறைவேறிய பதினான்காவது அரசியல் சட்டத் திருத்தம் கறுப்பின மக்களைக் குடிமக்களாக ஆக்கியபின், இந்த உரிமை அவர்களுக்கும் ஐயமின்றி வந்தது. முன்பு எஜமானர்களின் பத்திரங்களில் மாடு கன்றோடு சொத்தாக எழுதப்பட்டிருந்தவர்கள், தம் பெயருக்குப் பத்திரம் எழுதிக்கொள்ளக் கிளம்பினார்கள். இந்தக் குடியேற்றத்தின் பெருமை முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

சட்டம் தாராளமாகப் பங்கிட்ட அந்த நிலம் வெறும் நிலமாகக் கிடந்ததில்லை. பாவ்னி, ஷையென் முதலிய மண்ணின் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டெருமை வேட்டையாடிய சமவெளி அது. ஒப்பந்தங்களாலும் படைபலத்தாலும் அவர்கள் அங்கிருந்து விரட்டப்பட்ட பிறகே அரசு அதை ஏக்கர் ஏக்கராக அளந்தது. முன்னோடிகளைப் போற்றும் எந்த மேடையும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு வாழ்வு தந்த அதே மண், வேறு ஒருவரிடமிருந்து பறித்த மண்.

நிக்கோடீமஸ் நகரக் கழகம் 1877 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அதை அமைத்தவர்களுள் டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையர் ஒருவர், மற்றவர்கள் கறுப்பினத்தவர். கழகத் தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித். செழிப்பான மண், வேட்டைக்குக் குறைவில்லை, வந்தால் வாழலாம் என்று கென்டக்கியின் தேவாலயங்களில் பிரசாரம் நடந்தது. செப்டம்பரில் சுமார் 300 பேர் ரயிலேறி எல்லிஸ் என்னும் ஊரில் இறங்கினார்கள். அங்கிருந்து ஊர் போய்ச் சேர நடையும் வண்டியுமாக இரண்டு நாள் பயணம். போய்ப் பார்த்தால் மரமில்லை, வீடில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புல் மட்டுமே இருந்தது. அந்தக் காட்சியைக் கண்டு பல குடும்பங்கள் உடனே திரும்பிவிட்டன. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தங்கியவர்கள் குன்றுச் சரிவில் குழி தோண்டினார்கள். கம்புகளைக் குறுக்கே போட்டு, மேலே தழையும் புல்மண்ணும் பரப்பினால் கூரை. மண்ணையே குடைந்து அடுப்பும் புகைபோக்கியும் அமைத்தார்கள். அடுத்த வசந்தத்தில், 1878இல், கென்டக்கியின் ஜார்ஜ்டவுனிலிருந்து பாதிரியார் டேனியல் ஹிக்மன் தலைமையில் இன்னொரு கூட்டம் வந்தது. எல்லிஸில் காத்திருந்தபோது குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டது. சில குழந்தைகள் அங்கேயே இறந்தன. துக்கத்தோடு வந்து சேர்ந்தவர்களுள் பாதிரியாரின் மனைவி வில்லியானா ஹிக்மனும் ஒருவர். ஊர் எங்கே என்று அவர் கேட்க, அதோ என்று காட்டினார்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்தது தரையிலிருந்து கிளம்பிய புகைதான். மனிதர்கள் நிலத்துக்கடியில் வாழ்கிறார்கள் என்று அறிந்ததும் அழுதுவிட்டதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அழுதவர் திரும்பிப் போகவில்லை.

முதல் குளிர்காலம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கழிந்தது. வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் என்னும் மண்ணின் மக்கள் தங்கள் உணவில் பங்கு கொடுத்து உதவினார்கள் என்பது அந்த ஊர்க் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. உழவு மாடும் ஏரும் இல்லாதவர்கள் மண்வெட்டியாலும் களைக்கொத்தாலும் முதல் பயிருக்கு நிலம் திருத்தினார்கள். கரம்பாகவே இருந்து புல்வேர் பின்னி இறுகிய தரையைக் கையால் கொத்துவது எத்தகைய உழைப்பு என்பது புன்செய் உழவரிடம் கேட்டால் தெரியும். எம்மா வில்லியம்ஸ் நிறைமாத வயிற்றோடு வந்தவர். வந்த இலையுதிர்காலத்திலேயே அவருக்கு ஊரின் முதல் குழந்தை பிறந்தது. ஜென்னி ஃபிளெட்சர் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். எழுதப் படிக்கக் கற்பதே குற்றமாகக் கருதப்பட்ட வாழ்க்கையிலிருந்து வந்த மக்கள், வயிறு நிறைவதற்கு முன்பே பள்ளியை நினைத்தார்கள்.

பத்து ஆண்டுகளில் குழிகள் போய்ப் புல்மண் வீடுகளும் சுண்ணாம்புக்கல் கட்டடங்களும் வந்தன. 1885இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயம் எழுந்தது. கடைகள், விடுதி, பத்திரிகைகள் என்று ஊர் வளர்ந்தது. இங்கே வாழ்ந்த எட்வர்ட் மெக்கேப் 1882இல் கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு ரயில் ஊரைக் கைவிட்டது. 1887இல் ரயில் பாதைக்கென ஊர் மக்கள் கடன் பத்திரங்களுக்கு வாக்களித்தும் அந்தப் பாதை வரவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தின் பாதை ஆற்றுக்குத் தெற்கே போனது. வணிகர்கள் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு அதன் பின்னே போனார்கள். 1930களின் வறட்சியும் புழுதிப்புயலும் உழவர்களையும் விரட்டின. அஞ்சலகம் 1953இலும் பள்ளி 1960இலும் மூடப்பட்டன. அந்தச் சமவெளியில் இப்படி ரயில் தவறிப்போன ஊர்கள் எத்தனையோ சுவடில்லாமல் மறைந்திருக்கின்றன.

நிக்கோடீமஸ் மறையாமல் நின்றதற்கு வெளியேறியவர்கள் ஆண்டுதோறும் திரும்பி வந்ததே காரணம். இந்தக் கூடுகை தொடக்கத்தில் விடுதலை விழா. 1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுவிக்கப்பட்டதை நினைத்து, ஆகஸ்ட் முதல் நாளை ஒட்டித் தோப்பில் கூடிக் கொண்டாடினார்கள். அதே விடுதலைக்குப் பின்தான், காலியான கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழர் உள்ளிட்ட இந்தியர்கள் மொரீஷியஸுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதைத் தமிழ் அவை நினைவில் கொள்வது பொருந்தும்.

இன்று விழாவில் ஊர்வலம் உண்டு, விருந்து உண்டு, ஞாயிறு வழிபாடு உண்டு. பெரியவர்கள் இளையவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், இன்னார் இன்ன குடும்பம் என்று பெயர் சொல்லிக் காட்டுகிறார்கள். பழைய குழிவீடு இருந்த இடத்தில் இன்று ஒரு பள்ளமோ புல் மூடிய மேடோதான் தெரியும். அதைச் சொல்லிக் காட்ட ஆள் இருக்கும்வரையில்தான் அது வீடு.

அவர்கள் ஓயாமல் எடுத்துச் சொன்னதன் பயனாக, 1996இல் நிக்கோடீமஸ் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. தேவாலயங்கள், பழைய விடுதி, பள்ளி, 1939இல் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய ஊர் மன்றம் ஆகிய ஐந்து கட்டடங்கள் அந்த அடையாளத்துக்குள் வருகின்றன. மன்றத்தில் பார்வையாளர்களுக்கு ஊரின் கதை விளக்கப்படுகிறது. முன்னோர் கொத்தித் திருத்திய வயல்களுள் சில இன்னமும் அவர்கள் வழித்தோன்றல்களின் பெயரிலேயே இருக்கின்றன.