பல்லின் வேரும் உயிரணுவின் பிடியும்

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் பழமொழி. சொல் மட்டுமா போகிறது? சுவையும் போகிறது; பந்தியில் பிறரோடு அமர்ந்து உண்ணும் மகிழ்ச்சியும் போகிறது. பல் மருத்துவனாகிய நான் இதனை நாள்தோறும் காண்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், முதியவர் ஒருவருடைய தாடையில் டைட்டேனியத் திருகு ஒன்றைப் பதித்தேன். சில மாதங்களில் அவர் திரும்பி வந்தார். திருகு ஆடிக்கொண்டிருந்தது. "துருவேறாத உலோகம் என்றீர்களே ஐயா, பின் ஏன் ஆடுகிறது?" என்று கேட்டார். அக்கேள்விக்கு நான் தேடிய விடையே இன்றைய பேச்சு.

1952-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் பிரோனமார்க், எலும்பினுள் குருதியோட்டத்தை ஆராய்வதற்காக முயலின் காலெலும்பில் டைட்டேனியக் கருவி ஒன்றைப் பதித்தார். பின்னர் அதனை எடுக்க முயன்றார், வரவில்லை. எலும்பு அதனை இறுகப் பற்றியிருந்தது. 1965-இல் மனிதத் தாடையிலும் அவ்வுலோகத்தைப் பல்லுக்கு வேராக நாட்டினார்.

ஆகவே, உறுதி உலோகத்தில் மட்டும் இல்லை. அதனைப் பற்றும் உயிரணுக்களில் இருக்கிறது. டைட்டேனியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடுத் தோல் ஒன்று உண்டு. குருதியிலுள்ள புரதங்கள் முதலில் அதன்மீது படிகின்றன. எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் அப்படிவின்மேல் வந்து கால் ஊன்றுகின்றன. வழவழப்பான பரப்பைவிட, அளவாகச் சொரசொரத்த பரப்பிலேயே எலும்பு நன்கு பிடிக்கிறது.

இங்கேதான் லேசர் துணைக்கு வருகிறது. 1960-இல் மைமன் என்பவர் முதன்முதலாக ஒளிரச் செய்த இக்கதிர், உலோகத்தைத் தொடாமலே அதன் மேற்பரப்பை உருக்கி, நுண்ணிய குழிகளையும் சால்களையும் வரைகிறது. மணல் போன்ற துகள்களை வீசிச் சொரசொரப்பாக்கும் முறையில் துகள்கள் சில ஒட்டிக்கொள்வதுண்டு. இதில் அக்குறை இல்லை. ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சால்களில் உயிரணுக்களை வளர்த்தால், அவை கண்டபடி பரவாமல், உழுத சால்வழி ஓடும் நீரைப்போலச் சாலின் திசையிலேயே நீள்கின்றன. திருகின் கழுத்தில் இத்தகைய சால்களை அமைப்பது, ஈறு அதனை நெருங்கிப் பற்றிக் கிருமிகளுக்கு வழியடைக்க வேண்டும் என்பதற்காகவே.

ஆயினும் ஆய்வுக்கூடத் தட்டு வேறு. மனித வாய் வேறு. தட்டில் மெல்லும் விசை இல்லை; நீரிழிவு இல்லை; புகை இல்லை. உயிரணு விரும்பும் சொரசொரப்பில் கிருமியும் குடியேறக்கூடும்.

என் முதியவர் நெடுங்காலமாகச் சுருட்டுப் பிடிப்பவர். புகை குருதியோட்டத்தைக் குறைத்து, எலும்பு பற்றுவதற்கு ஊறு செய்யும். பதிப்பதற்கு முன் நான் அதனைக் கேட்கத் தவறினேன். "உலோகம் துருவேறவில்லை ஐயா, அதைப் பிடிக்க வேண்டிய கையைப் புகை தளர்த்தியிருக்கலாம். கேளாதது என் பிழை" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த சுருட்டை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார்.

இப்போது நான் எவருக்கும் திருகைத் தேர்ந்தெடுக்குமுன் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.